ஊர்வனப் பெட்டிக்கு எந்தப் பூச்சு தாங்கும்?

எந்தக் கோட்டிங் நல்லது என்று யாராவது கேட்டால் ஒரு டப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பதிலால் மரப்பெட்டி பிழைக்காது. வீட்டில் பல்லி, பாம்பு வளர்க்க மரத்தில் செய்த ஊர்வனப் பெட்டிகள் கெட்டுப்போனதை நான் பார்த்தவரை, டப்பா மோசமாக இருந்ததால் கெட்டவை குறைவு. ஓரங்களையும் மூட்டுகளையும் சரியாக மூடாமல் விட்டதாலும், பூச்சு முழுதாக இறுகுவதற்கு முன்பே மண்ணைக் கொட்டிப் பிராணியை விட்டதாலும் கெட்டவைதான் அதிகம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, பெட்டிக்குள் தண்ணீர் எங்கே இருக்கப் போகிறது, எவ்வளவு நேரம் அங்கே தங்கப் போகிறது என்பதை. பியர்டட் டிராகன், லெப்பர்டு கெக்கோ மாதிரி வறண்ட நிலத்துப் பல்லிகளின் பெட்டியில் எப்போதாவது தண்ணீர்க் கிண்ணம் கவிழும், எச்சத்தைத் துடைக்கும்போது ஈரத்துணி படும், அவ்வளவுதான். பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புக்குக் காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதம் வேண்டும், தோல் உரிக்கும் நாட்களில் இன்னும் கூடுதலாக. அங்கே சுவரில் தண்ணீர் ஓடாது, ஆனால் ஈரக்காற்று இரவும் பகலும் பலகையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். க்ரெஸ்டட் கெக்கோ என்ற பல்லிக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கிறோம், அது சுவரில் துளித்துளியாக நின்று, வழிந்து, அடியில் போய்ச் சேரும். செடி நட்டு, ஸ்பிரிங்டெயில் என்ற மண் சிற்றுயிர்களை விட்டு, மழைக்காட்டை அப்படியே உள்ளே கொண்டுவரும் பெட்டி என்றால் 10, 15 சென்டிமீட்டர் ஈரமண் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும். இந்த நான்கு பெட்டிகளுக்கும் ஒரே பூச்சு சரிவராது. ஏன், ஒரே பெட்டியின் மேல்சுவருக்கும் தரைக்கும்கூட ஒரே பூச்சுதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

தண்ணீர் பலகைக்குள் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மரத்துக்குள் நீர் ஏறும் நுண்குழல்கள் மரம் வளர்ந்த திசையில் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே அறுத்த இடம் வெட்டுமுகம். பிளைவுட்டின் பரந்த முகத்தைவிட அதன் ஓரம் தண்ணீரைப் பல மடங்கு வேகமாக இழுக்கும், காரணம் இதுதான். எம்.டி.எஃப் இன்னும் மோசம். அது மர நாரையும் பசையையும் அழுத்திச் செய்தது, ஓரத்தில் ஈரம் பட்டால் உப்பிவிடும், உப்பிய பிறகு காய வைத்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. மெலமைன் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பலகையின் முகம் தண்ணீரை நன்றாகவே தடுக்கும், ஆனால் அறுத்த ஓரமும் திருகு ஓட்டையும் திறந்தே கிடக்கும். ஈரமான பெட்டிக்கு எம்.டி.எஃப் வாங்கிவிட்டு எந்தப் பூச்சு அடிக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் பலகையை மாற்றச் சொல்கிறேன், பூச்சைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பிளைவுட்டிலும் ஒரு விஷயம் உண்டு. படகு கட்டுவதற்கான மரைன் பிளை என்று வாங்கினால் அதன் பசை தண்ணீரைத் தாங்கும், உள்ளடுக்குகளில் வெற்றிடம் இருக்காது, அதற்குப் பி.எஸ். 1088 என்று ஒரு தரமே இருக்கிறது. ஆனால் மரம் மரம்தான். பூச்சில்லாமல் ஈரத்தில் கிடந்தால் மரைன் பிளையும் அழுகும். அதேபோல கரையானுக்கும் பூஞ்சைக்கும் மருந்து ஏற்றிய பலகை தண்ணீருக்கு நல்லது என்று யாராவது சொன்னால், பிராணி இருக்கும் பெட்டிக்குள் அது வேண்டாம். தேவதாரு வகைகளில் எண்ணெய் வாசனை தூக்கலாக இருக்கும் மரங்களும் வேண்டாம். மேலே எதைப் பூசினாலும் அந்த ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்.

சரி, இப்போது பிராணியின் பக்கம். பாம்புக்கும் பல்லிக்கும் நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் கிடையாது. நம்மைப்போல் பலமாக இருமிச் சளியை வெளியே தள்ள அவற்றால் முடியாது. மூச்சுக்குழாயில் எரிச்சல் வந்தால் அது நோய்த்தொற்றாக மாற வழி இருக்கிறது, வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் இவையெல்லாம் வந்த பிறகுதான் நமக்கே தெரியும். பிராணி இருப்பது மூடிய பெட்டி, உள்ளே விளக்கு எரிகிறது, வெப்பம் ஏறுகிறது. அறை வெப்பத்தில் வாசனையே இல்லாத பூச்சு, விளக்கடியில் 40 டிகிரிக்குப் போகும்போது மிச்சமிருக்கும் கரைப்பானை வேகமாக வெளியே விடும். நமக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு அடுத்த அறைக்குப் போக முடியும். பிராணிக்குப் போக இடம் இல்லை. நான் இந்த விஷயத்தில் பிடிவாதமாக இருப்பதற்கு இது ஒன்றே போதும்.

டப்பாவில் 'நச்சற்றது' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் முழுதாக இறுகிய படலத்தைப் பற்றிச் சொல்வது. அடிக்கும்போதும், அடித்த முதல் சில வாரங்களிலும் அந்தச் சொல்லை நம்பக் கூடாது. தொட்டால் ஒட்டவில்லை என்பது ஒரு நிலை, அடுத்த கோட் அடிக்கலாம் என்பது இன்னொரு நிலை, முழுதாக இறுகிவிட்டது என்பது வேறு நிலை. தண்ணீரில் கரைத்த பாலியூரித்தேன் (ஒரு வகை பிளாஸ்டிக் வார்னிஷ்) ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடுவதற்குக் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த கோட் ஏற்றலாம், ஆனால் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். எண்ணெய் வார்னிஷும் ஏறக்குறைய ஒரு மாதம் கேட்கும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி என்ற பிசின், 25 டிகிரி போல இருந்தால் பொதுவாக ஒரு வாரத்தில் இறுகும். இந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மாதம் காத்திருக்க முடியாது, பிராணி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் அது தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நிம்மதியாக இருக்கட்டும், பெட்டியை அவசரப்படுத்த வேண்டாம்.

இனி ஒவ்வொன்றாக.

தண்ணீரில் கரைத்த பாலியூரித்தேன்தான் நான் முதலில் சொல்வது, சுவருக்கும் மேல்பலகைக்கும். வாசனை குறைவு, பிரஷைத் தண்ணீரில் கழுவலாம், மஞ்சளிக்காது, முக்கியமாக, பிறகு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து மேலே அடித்துவிடலாம். இது படலமாவது எப்படி என்றால், தண்ணீர் ஆவியாகப் போகப் போக உள்ளே மிதக்கும் நுண்துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்ட உதவுவதற்கு டப்பாவில் கொஞ்சம் கரைப்பான் சேர்த்திருப்பார்கள், அதுதான் கடைசியில், மெதுவாக வெளியேறுவது. குளிரில் துகள்கள் சரியாக ஒட்டாது, மழைநாளின் ஈரக்காற்றில் தண்ணீர் போகாது. வெதுவெதுப்பான, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள், குலுக்கினால் குமிழி வரும், ஒவ்வொரு குமிழியும் உடைந்த இடம் ஒரு ஊசித்துளை. முதல் கோட் பட்டதும் மரத்தின் நார் எழுந்து சொரசொரப்பாகும். 220 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டு அடுத்தது. மெல்லியதாக நான்கு கோட், ஓரங்களில் ஐந்தாறு. ஒரே தடவையில் கனமாக அடித்தால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாகவே நிற்கும்.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்துக்கு இது போதாது. வெண்மை படர்ந்து மெத்தென்று ஆகும், பிறகு உரியும். ஈரமண் தங்கும் தரைக்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

எண்ணெய் பாலியூரித்தேனும் ஸ்பார் வார்னிஷும் ஒரே குடும்பம். இரண்டும் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டுதான் இறுகும். பெட்டி என்பது மூன்று நான்கு பக்கம் மூடிய இடம், மூலையில் காற்று அசையாமல் நிற்கும், அதனால் வெளியே காய்ந்த பிறகும் உள்மூலையில் பிசுபிசுப்பும் வாசனையும் மிச்சமிருக்கும். ஒரு சின்ன மின்விசிறியைப் பெட்டி வாயில் வைத்து விடாமல் ஓட்ட வேண்டும். ஸ்பார் வார்னிஷ் பாய்மரக் கப்பலின் மரக்கம்பங்களுக்காக வந்தது. கம்பம் காற்றில் வளையும்போது படலத்தில் விரிசல் விழக் கூடாது என்பதால் அதில் எண்ணெயின் பங்கு அதிகம், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் சேர்த்திருப்பார்கள். ஊர்வனப் பெட்டிக்குப் புற ஊதாக் கதிர் தரும் யு.வி.பி விளக்கு வைப்பதால் அந்தக் குணம் உதவும்தான். ஆனால் எண்ணெய் கூடினால் படலம் மென்மையாக இருக்கும். உடும்பு, டெகு மாதிரி நகம் உள்ள கனமான பிராணி தினமும் அதே மூலையைச் சுரண்டும்போது ஸ்பார் வார்னிஷ் சீக்கிரம் கோடு விழுந்துவிடும். பாம்புப் பெட்டியின் சுவருக்குப் பரவாயில்லை, அதுவும் ஒரு மாதக் காற்றோட்டத்துக்குப் பிறகு. ஒரு எச்சரிக்கை: எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இறுகும்போது வரும் வெப்பம் துணிக்குள் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள்.

அடுத்து எபாக்ஸி. ஈரம் நிரந்தரமாகத் தங்கும் தரைக்கும், தரையை ஒட்டிய சுவருக்கும் என் தேர்வு இதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மரத்துக்குள் ஈரக்காற்று புகுவதை எந்தப் பூச்சு எவ்வளவு தடுக்கிறது என்று அமெரிக்க வனத்துறையின் மேடிசன் ஆய்வுக்கூடம் பலவிதப் பூச்சுகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. உருக்கிய பாரஃபின் மெழுகும் இரண்டு பாக எபாக்ஸியும் பட்டியலின் மேலே, ஆளி விதை எண்ணெய் கிட்டத்தட்ட அடியில். எதுவுமே முழுதாகத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். எபாக்ஸி மிக அதிகமாகத் தாமதப்படுத்துகிறது. கரைப்பான் சேர்க்காத எபாக்ஸியில் ஆவியாகிப் போக எதுவும் இல்லை, ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து திடமாகின்றன. காற்றும் தேவையில்லை, அதனால் மூடிய மூலையிலும் சரியாக இறுகும். 'ஊடுருவும் எபாக்ஸி' என்று தண்ணீர் மாதிரி மெல்லியதாக வருவதில் கரைப்பான் நிறைய இருக்கும், அதைப் பெட்டிக்கு வாங்காதீர்கள்.

எபாக்ஸி கணக்குக்குக் கட்டுப்படும் பொருள். ரெசின் இவ்வளவு, ஹார்டனர் இவ்வளவு என்று எழுதியிருப்பது கொள்ளளவிலா எடையிலா என்று பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே எண்ணாக இருக்காது. ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்தால் நேர்மாறாக நடக்கும். மிஞ்சியது வினைபுரிய ஜோடி இல்லாமல் உள்ளேயே கிடந்து, படலம் என்றைக்கும் பிசுக்காகவே இருக்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கலக்கும் பாத்திரத்தின் பக்கங்களையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். கலந்ததை ஆழமான குவளையில் விட்டுவைத்தால் தன் வெப்பத்திலேயே சூடேறிப் புகையும், உடனே அகலமான தட்டில் பரப்பிவிட வேண்டும். கையுறை கட்டாயம், ஏனென்றால் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து, வந்தது வாழ்நாள் முழுக்கப் போகாது.

படகு கட்டுபவர்கள் கடைப்பிடிக்கும் ஒரு பழக்கம் இங்கே அப்படியே பொருந்தும். வெப்பம் ஏறும் காலை நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், அப்போது எபாக்ஸி பூசினால் மேலெல்லாம் குமிழி. சாயங்காலம், வெப்பம் இறங்கத் தொடங்கிய பிறகு பூசினால் உள்ளே சுருங்கும் காற்று ரெசினையும் சேர்த்து உள்ளிழுத்துக்கொள்ளும். ஓரங்களுக்கு இதைவிட நல்ல சிகிச்சை இல்லை. முதல் கோட்டை ஓரம் குடித்துவிடும், அது குடிப்பதை நிறுத்தும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள். இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு வரலாம், குறிப்பாக ஈரமான, குளிர்ந்த நாளில். அதைத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வைத்துக் கழுவிவிட்டு, காயவைத்து, அப்புறம் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகு உப்புத்தாளில் அப்பிக்கொண்டு எல்லா இடமும் பரவும், அதன் மேல் எதுவும் ஒட்டாது.

எபாக்ஸிக்கு இரண்டு பலவீனம். ஒன்று வெப்பம். அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரிக்கு அருகில் மென்மையாகத் தொடங்கும். பியர்டட் டிராகன் வெயில் காயும் இடம் 40 டிகிரி என்றால் தரைக்கு ஆபத்தில்லை, ஆனால் விளக்குக்கு மிக அருகில் இருக்கும் மேல்பலகையை நினைத்துப் பாருங்கள். செராமிக் வெப்பக் குமிழின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். அதன் பக்கத்தில் எந்தப் பூச்சும் பாதுகாப்பல்ல, இடைவெளியும் கம்பிக்கூண்டும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும்தான் பாதுகாப்பு. இரண்டாவது, புற ஊதாக் கதிர் பட்டால் எபாக்ஸி மஞ்சளித்து, காலப்போக்கில் மேலே மாவு மாதிரி உதிரும். மண்ணுக்கு அடியில் இருக்கும் தரைக்கு இது ஒரு விஷயமே இல்லை. வெளிச்சம் படும் சுவரில் எபாக்ஸி அடித்திருந்தால், இறுகிய பிறகு உப்புத்தாளால் மங்கலாக்கி மேலே இரண்டு கோட் தண்ணீர்ப் பாலியூரித்தேன் கொடுத்துவிட்டால் போதும்.

குளத்துக்கு அடிக்கும் ரப்பர்ப் பூச்சைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மீன் வாழும் குளத்துக்குப் பாதுகாப்பு என்றால் பல்லிக்கும் பாதுகாப்புதானே என்று தோன்றும். குளத்தில் அது குளிர்ந்த தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, இங்கே விளக்கடியில் இருக்கப் போகிறது. தார் கலந்த வகை சூட்டில் வாசனை விடும், மென்மையாகும், அதைப் பெட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம். தார் இல்லாத வகை நன்றாக வளைந்து கொடுக்கும், மரம் விரிந்து சுருங்கும்போது விரிசல் விடாது, அது பெரிய நன்மை. ஆனால் ரப்பர் ரப்பர்தான், நகம் பட்டால் கிழியும், கிழிந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்கு அடியிலேயே மரத்தை அழுகவைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். நகமில்லாத பாம்புக்கும், மேலே கனமான மண் போர்த்திய தரைக்கும் மட்டும் நான் ஒத்துக்கொள்வேன். குளியலறைத் தரையில் ஓட்டுக்கு அடியில் அடிக்கும் அக்ரிலிக் பூச்சும் இதே கதை. மேலே ஓடு ஒட்டினால் அருமை, அப்படியே விட்டால் தேய்ந்துவிடும்.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட்? உள்சுவருக்கான சாதாரண வகை வறண்ட பெட்டிக்கு, மேலே பாலியூரித்தேன் கொடுத்தால் போதுமானது. வெளிச்சுவருக்கும் குளியலறைக்கும் என்று விற்பவற்றில் பூசணத்தைக் கொல்லும் மருந்து சேர்த்திருப்பார்கள். க்ரெஸ்டட் கெக்கோ மாதிரியானவை பெரும்பாலும் சுவரில் நிற்கும் நீர்த்துளியை நக்கித்தான் தண்ணீர் குடிக்கின்றன. அந்தச் சுவரில் மருந்து கலந்த பூச்சு எனக்குச் சம்மதமில்லை. மூட்டுகளை அடைக்கும் சிலிக்கான் பசை வாங்கும்போதும் இதைப் பாருங்கள், பூசண எதிர்ப்பு என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, மீன்தொட்டி ஒட்டும் நூறு சதவீத சிலிக்கானை எடுங்கள்.

அரக்கு வார்னிஷ், லாக்கர், ஆளி விதை எண்ணெய் மூன்றும் இந்த வேலைக்கு இல்லை. தெர்மாகோலைச் செதுக்கிப் பாறை மாதிரிப் பின்னணி செய்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: எண்ணெய் பெயின்ட், ஸ்ப்ரே பெயின்ட், பாலியெஸ்டர் ரெசின் எல்லாம் தெர்மாகோலைக் கரைத்துவிடும். தண்ணீரில் கரைத்த பூச்சும் எபாக்ஸியும் கரைக்காது. தெர்மாகோல் மேல் ஓட்டு இடுக்குக்குப் பூசும் கிரவுட்டை மூன்று அடுக்காவது ஏற்றி, அது காய்ந்த பிறகு தண்ணீரில் கரைத்த கட்டடச் சுவர்ப் பூச்சையோ பாலியூரித்தேனையோ கொடுங்கள். பூச்சில் ஒரு விரிசல் இருந்தாலும் உணவுக்கு விடும் சுவர்க்கோழிப் பூச்சி (கிரிக்கெட்) உள்ளே புகுந்து தெர்மாகோலைக் கடித்துக் குடைந்துவிடும்.

எதை அடித்தாலும் வேலையின் வரிசை முக்கியம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வயர் ஓட்டை, காற்று ஓட்டை, திருகு ஓட்டை எல்லாவற்றையும் பூச்சுக்கு முன்பே போட்டுவிடுங்கள், ஓட்டையின் உள்பக்கமும் வெட்டுமுகம்தான், அங்கேயும் பூச்சு போக வேண்டும். கூரான விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பிலிருந்து எந்தப் பூச்சும் இரண்டு பக்கமும் விலகிப்போய், உச்சியில் மெல்லியதாகத்தான் நிற்கும், தேய்வதும் அங்கேதான் முதலில். தரையும் சுவரும் சேரும் மூலையில் மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை விரலால் வளைவாக இழுத்துவிட்டால் மூட்டு அசையாது, சுத்தம் செய்யவும் சுலபம். பெரிய பெட்டி என்றால் அந்த வளைவின் மேல் கண்ணாடியிழைத் துணிப் பட்டை ஒன்றை ரெசினில் நனைத்து ஒட்டிவிடுங்கள், மரம் அசைந்தாலும் மூட்டில் விரிசல் வருவது வெகுவாகக் குறையும். வெளிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே மட்டும் மூடி, வெளியே திறந்திருந்தால் பலகையின் இரண்டு முகமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும், கதவு கோணலாகி மூடாமல் போவது இதனால்தான்.

சிலிக்கான் கடைசியில்தான் வர வேண்டும். பூச்சு முழுதாக இறுகிய பிறகு. சிலிக்கான் மேல் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது, மரத்தில் ஒரு தடவை சிலிக்கான் தடவிவிட்டால் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்த பிறகும் பூச்சு கண் கண்ணாக விலகி நிற்கும். காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்ளே இறுகும் பொருள் அது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வினிகர் வாசனை முழுதாகப் போகும்வரை விடுங்கள்.

பெட்டியில் பிரஷை வைக்கும் முன்பு ஒரு துண்டுப் பலகையில் சோதித்துப் பார்ப்பதை நான் எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். பெட்டிக்கு அறுத்ததில் மிஞ்சிய துண்டை எடுத்து, ஓரம் உட்பட ஆறு பக்கமும் பெட்டிக்கு அடிக்கப் போகும் அதே எண்ணிக்கையில் கோட் கொடுத்து, அதே அளவு நாள் இறுகவிடுங்கள். சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொண்டு, ஈரமண்ணில் ஒரு வாரம் புதைத்துவைத்துத் துடைத்து மறுபடியும் எடை போடுங்கள். எடை கூடியிருந்தால் எவ்வளவு தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று கண்ணெதிரே தெரியும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் பதிந்தால் இன்னும் இறுகவில்லை. அப்புறம் இன்னொரு துண்டைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, வெயிலில் சில மணி நேரம் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்டிக்குள் விளக்கடியில் என்ன நடக்கும் என்பதை இந்தப் புட்டி முன்கூட்டியே சொல்லிவிடும். கொஞ்சமாவது வாசனை வந்தால் பெட்டியைத் திறந்து வைத்து, விளக்கைப் போட்டு, விசிறியை ஓட்டி, இன்னும் காத்திருங்கள்.

நான் இப்போது ஒரு ஈரப்பெட்டி செய்வதாக இருந்தால் இப்படித்தான் செய்வேன்: மரைன் பிளை, எல்லா ஓரத்துக்கும் எபாக்ஸி, தரைக்கும் மண் ஏறும் உயரத்துக்கு ஒரு சாண் மேல் வரைக்கும் எபாக்ஸி மூன்று கோட், மூலைகளில் கண்ணாடியிழைப் பட்டை, மீதிச் சுவருக்கும் மேல்பலகைக்கும் தண்ணீர்ப் பாலியூரித்தேன், அது எபாக்ஸியின் மேல்விளிம்பை நன்றாக மூடிக்கொண்டு இறங்கும்படி. மண்ணை நேரடியாகக் கொட்டாமல், இ.பி.டி.எம் ரப்பர் விரிப்பையோ ஒரு பிளாஸ்டிக் தட்டையோ அடியில் வைப்பேன், தண்ணீரின் முழுப் பாரமும் பூச்சின் மேல் விழாமல் இருக்க. வறண்ட பெட்டிக்கு இவ்வளவும் வேண்டாம், தண்ணீர்ப் பாலியூரித்தேன் நான்கு கோட், மூட்டில் சிலிக்கான், போதும். அந்தப் பெட்டிக்கு எபாக்ஸி வாங்குவது வீண் செலவு.

பெட்டி ஓடத் தொடங்கிய பிறகு சுத்தம் செய்யப் பயன்படுத்துவதும் பூச்சின் ஆயுளைக் குறைக்கும். நீர்த்த பிளீச் நல்ல கிருமிநாசினிதான், ஆனால் அடித்துவிட்டு அப்படியே ஊறவிட்டால் படலம் மங்கும். பத்து நிமிடம் வைத்து நன்றாகக் கழுவித் துடைத்து, வாசனை போன பிறகு பிராணியை விடுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி பூச்சுக்கு மென்மையானது. சொரசொரப்பான நார் வேண்டவே வேண்டாம்.

மண் மாற்றும்போதெல்லாம் விரலை மூலைகளில் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணம் இருந்த இடம், கண்ணாடிக் கதவு ஓடும் தடத்தின் அடி, வயர் ஓட்டை, இந்த மூன்றும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மரம் கறுத்திருந்தால், அழுத்தினால் மெத்தென்றிருந்தால், அந்த இடத்துப் பூச்சைச் சுரண்டி எடுத்து, மரத்தை நன்றாகக் காயவிடுங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை பொதுவாக வேலையைத் தொடங்காது, விலை குறைந்த ஈரமானி ஒன்று இருந்தால் அளந்தே பார்த்துவிடலாம். காயாத மரத்தின் மேல் புதிதாக அடிக்கும் பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்துவிடும். காய்ந்த பிறகு தேய்த்து, முன்பு அடித்த அதே வகைப் பூச்சைக் கொடுங்கள், பிராணி மறுபடியும் அந்தத் தற்காலிகத் தொட்டிக்குப் போகட்டும், இறுகும் நாட்கள் இந்தத் தடவையும் அதே அளவுதான்.